பெயருக்கு எவ்வளவு காசு? - விருதுநகர் மிளகாய்த்தூளும் சிவகாசி லேபிளும்

மளிகைக் கடையில் ஒரே அலமாரியில் ரெண்டு மிளகாய்த்தூள் பாக்கெட் இருக்கும். ஒன்று டிவி விளம்பரத்தில் வரும் பெயர். இன்னொன்று பக்கத்து ஊர் மில்லில் அரைத்து, பாலிதீன் கவரில் போட்டு, துண்டு லேபிள் ஒட்டியது. நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலை மட்டும் ஒன்றில்லை. அந்த அதிகப்படி காசுக்கு நமக்கு என்னதான் கிடைக்கிறது?

இதில் ரெண்டு கட்சி உண்டு. "உடம்புக்குள்ள போற பொருள், நல்ல கம்பெனி சரக்கா வாங்கு" என்பது ஒரு கட்சி. "எல்லாம் ஒரே மண்டிச் சரக்குதான், கவர்தான் வேற" என்பது இன்னொரு கட்சி. ரெண்டு பேரும் பாதி சரி என்று நினைக்கிறேன். எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க வரலாற்றைப் பார்க்க வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்தை விட்டால் வேறு நல்ல இடம் கிடையாது. சரக்கு கைமாறும் ஊர் விருதுநகர். சரக்குக்கு லேபிள் அச்சாகும் ஊர் சிவகாசி. ரெண்டுக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் கூட இல்லை!

பெயரே இல்லாத காலம்

முதலில் ஒரு விஷயம். மிளகாயே நம்ம ஊர்ப் பொருள் இல்லை. தென் அமெரிக்காவில் இருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் மூலம் வந்தது. அதற்கு முன் நம் காரம் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கும் மிளகை வைத்தே பெயர் சூட்டிவிட்டோம். வந்த விருந்தாளி வீட்டுக்காரரை ஓரங்கட்டிய கதை :-)

விருதுநகரைச் சுற்றி இருப்பது கரிசல் பூமி. மானாவாரி வெள்ளாமை. பருத்தி, மல்லி, மிளகாய், கம்பு, சோளம். மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஊர் பிழைக்க வேண்டுமானால் விளைவித்துப் பிழைப்பதைவிட வாங்கி விற்றுப் பிழைப்பதுதான் வழி. 19ஆம் நூற்றாண்டில் நாடார் வியாபாரிகள் மாட்டு வண்டியில் உப்பு, கருவாடு, கருப்பட்டி ஏற்றிக்கொண்டு வந்து தங்கிய இடங்கள்தான் பேட்டைகள். வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாக இருக்க மதில் கட்டிய இடம். விருதுபட்டி, சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்கள் இப்படி வளர்ந்தவை. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் "மகமை" எடுத்து வைத்தார்கள். அந்தப் பொதுப் பணத்தில் பேட்டையும் கிணறும் கோயிலும், பின்னால் பள்ளிக்கூடமும் வந்தன.

1870களில் மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை வந்தது. விருதுபட்டி அதன் மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் மதுரை. 1923ல் ஊர் பெயர் விருதுநகர் ஆனது. பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் எல்லாம் இங்கே வந்து இறங்கி, இங்கிருந்து கிளம்பின. தமிழ்ப் பத்திரிகைகளில் "விருதுநகர் மார்க்கெட் நிலவரம்" என்று ஒரு கட்டம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். நல்லெண்ணெய் 15 கிலோ டின் இவ்வளவு, வத்தல் குவிண்டால் இவ்வளவு என்று பட்டியல். எள்ளும் பருப்பும் மொத்தமாக வேறு எங்கோ விளைந்தாலும், விலை மட்டும் இங்கே இருந்து போகும்.

அந்தக் காலத்துச் சரக்குக்கு கம்பெனிப் பெயர் கிடையாது. இருந்தது ரெண்டே பெயர். ஒன்று, ரகத்தின் பெயர்: சம்பா வத்தல், குண்டு வத்தல். இன்னொன்று, கடைக்காரர் பெயர். அது போதுமானதாகவும் இருந்தது. ஏன் என்றால் மக்கள் வாங்கியது முழு வத்தல், முழு மல்லி, முழு விரலி மஞ்சள். முழுப் பொருளில் பெரிதாக ஏமாற்ற முடியாது. வத்தலைக் குலுக்கினால் விதைச் சத்தம் கேட்கும். ஒடித்தால் ஒடியும். எடை கூட்டத் தண்ணீர் தெளித்திருந்தால் வளையும். மல்லியைக் கசக்கினால் வாசனை சொல்லிவிடும். கண்ணும் கையும் மூக்கும்தான் அந்தக் காலத்து ஆய்வுக்கூடம். கட்டணம் இல்லாத ஆய்வுக்கூடம்.

படம் பார்த்து வாங்கிய காலம்

இனி சிவகாசிக்கு வருவோம். 1922ல் வெளிநாட்டுத் தீப்பெட்டி மேல் இறக்குமதி வரி கடுமையாக ஏறியது. உள்ளூரில் செய்தால் லாபம் என்ற நிலை. அந்தச் சமயத்தில் சிவகாசியில் இருந்து பி.அய்ய நாடாரும் அ.சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923ல் தொழில் தொடங்கியது. பிறகு பட்டாசு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டுமே! லேபிளுக்காக லித்தோ அச்சகங்கள் வந்தன. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழிலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வளர்ந்து, ஊருக்கு "குட்டி ஜப்பான்" என்று பெயர் வந்தது.

மளிகைக்கும் தீப்பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தீப்பெட்டி என்பது வாங்கும்போது சோதித்துப் பார்க்க முடியாத பொருள். குச்சி நமுத்திருக்கிறதா, எத்தனை குச்சி உள்ளே இருக்கிறது என்பது வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். அப்படி என்றால் எதை நம்பி வாங்குவது? போன தடவை நன்றாக எரிந்த பெட்டியில் என்ன படம் இருந்ததோ அதை நம்பித்தான். எழுத்து படிக்கத் தெரியாதவர்களும் "அணில் படம் போட்டது குடு" என்று கேட்டு வாங்க முடிந்தது. தமிழில் பிராண்டுக்கு "மார்க்" என்ற சொல் நிலைத்தது இப்படித்தான் என்று தோன்றுகிறது. சேவல் மார்க், அணில் மார்க், கோபுரம் மார்க். பெயரை விட மிருகமும் பறவையும் முக்கியம்!

ஆகவே மார்க் என்பது பணக்காரர்களுக்கான ஆடம்பரமாகப் பிறக்கவில்லை. ஏமாறாமல் இருக்க ஏழைக்குக் கிடைத்த ஒரு அடையாளம் அது. ஆனால் படத்தை நம்பி வாங்குபவர் இருந்தால், படத்தைக் காப்பி அடிப்பவரும் வருவார். 1940ல் இந்தியாவில் டிரேட் மார்க் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் ஒரு எழுத்து மாற்றிய பெயர்களும், லேசாகத் திரும்பி நிற்கும் அணில்களும் கடைகளில் இருந்து மறைந்துவிடவில்லை.

முழுசாக இருந்தது தூளானது

மளிகைச் சாமானுக்கு மார்க் அவசியமானது எப்போது? வத்தல் தூளானபோது. தூள் ஆனதும் கண்ணும் கையும் தோற்றுவிட்டன. செங்கல் தூள், சாயம், உமி என்று எதை வேண்டுமானாலும் கலக்கலாம். பார்த்தால் எல்லாம் சிவப்புதான்.

அரசாங்கமும் இதைக் கவனித்தது. 1937ல் வேளாண் பொருட்களைத் தரம் பிரிக்கும் சட்டம் வந்து அக்மார்க் முத்திரை பிறந்தது. 1954ல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. இதில் நம்ம நல்லெண்ணெய்க்கு ஒரு சுவாரசியமான பங்கு உண்டு. 1937ல் டால்டா வந்த பிறகு நெய்யில் வனஸ்பதி கலப்பது சுலபமாகிவிட்டது. இதைப் பிடிக்க அரசு ஒரு வழி செய்தது. வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி. நல்லெண்ணெய் இருந்தால் ஒரு ரசாயனச் சோதனையில் சிவப்பு நிறம் காட்டும். நெய் சிவந்தால் அதில் வனஸ்பதி இருக்கிறது என்று அர்த்தம். நெய்க்குள் நுழைந்த திருடனைக் காட்டிக்கொடுக்க எள்ளெண்ணெய் போலீஸ்!

வீடுகளில் வருஷத்துக்கு ஒரு தடவை வத்தல், மல்லி வாங்கிக் காயவைத்து மில்லில் திரிப்பதுதான் வழக்கமாக இருந்தது. அந்த இடத்தைப் பாக்கெட் பிடித்துக்கொண்டது கடந்த ஐம்பது வருஷங்களில்தான். 1975ல் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரமாகத் தொடங்கியது சக்தி மசாலா. 1995ல் சென்னையில் தொடங்கியது ஆச்சி மசாலா. விருதுநகரில் இருந்து கிளம்பிய பெயர்களில் பெரியது இதயம் நல்லெண்ணெய். டின்னில் இருந்து கரண்டியால் மொண்டு ஊற்றிய எண்ணெய்க்குப் பாக்கெட்டும் பெயரும் விளம்பரமும் வந்தன.

பாக்கெட் பக்கம் நியாயம் இருந்தது என்பதை 1998 காட்டியது. அந்த வருஷம் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருந்ததால் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 3000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதன் பிறகுதான் எண்ணெயைச் சில்லறையில் ஊற்றி விற்பதற்குக் கட்டுப்பாடுகள் இறுகின. பெயரில்லாத எண்ணெயில் தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது? பெயர் இருந்தால் பிடிக்க ஒரு முகவரி இருக்கிறது. பெயருக்குக் கொடுக்கும் காசில் முதல் பங்கு இந்த முகவரிக்குத்தான்.

பெயர் காப்பாற்றாத கதைகள்

இத்தோடு முடித்தால் "கம்பெனிதான் நல்லது" கட்சி ஜெயித்துவிடும். ஆனால் வரலாறு அப்படி ஒரு பக்கமாக நிற்பதில்லை.

2003 மே மாதம் பிரான்சில், இந்தியாவில் இருந்து போன மிளகாய்ப் பொருளில் "சூடான் 1" என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெய்க்கும் மெழுகுக்கும் பாலிஷுக்கும் போடும் சாயம். உணவில் தடை செய்யப்பட்டது. ஐரோப்பா உடனே மிளகாய்க்குச் சோதனைச் சான்று கேட்டது. நம் ஸ்பைசஸ் போர்டும் ஏற்றுமதி மிளகாய்க்குக் கட்டாயச் சோதனை கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே போன சரக்கு ஒன்று இருந்தது. 2005 பிப்ரவரியில் இங்கிலாந்தில் வெடித்தது அந்தப் பட்டாசு. கிராஸ் அண்ட் பிளாக்வெல் என்ற பழைய, பெரிய பெயரில் விற்ற வொர்செஸ்டர் சாஸில் அந்தச் சாயம் இருந்தது. 2002ல் இந்தியாவில் இருந்து வாங்கிய மிளகாய்த்தூள் வழியாக வந்தது. அந்த சாஸைச் சேர்த்துச் செய்த மற்ற உணவுகளையும் சேர்த்து 400க்கும் மேற்பட்ட பொருட்களைக் கடைகளில் இருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அதில் பெரிய பெயர்களும் இருந்தன, சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்ற மலிவுச் சரக்கும் இருந்தது. லேபிள் நூறு வகை, உள்ளே போன தூள் ஒன்று!

2024 ஏப்ரலில் இன்னொன்று. ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம் எம்.டி.எச். நிறுவனத்தின் மூன்று மசாலாக்களிலும் எவரெஸ்ட் நிறுவனத்தின் ஒரு மீன் குழம்பு மசாலாவிலும் எத்திலீன் ஆக்சைடு இருந்ததாக அறிவித்தது. சிங்கப்பூரும் அந்த எவரெஸ்ட் மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. ரெண்டு நிறுவனங்களும் தங்கள் பொருட்கள் பாதுகாப்பானவை என்று சொன்னார்கள். அந்த வழக்காடலுக்குள் நான் போகவில்லை. இந்த ரெண்டு சம்பவத்திலும் பெயர் தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, சோதனைதான் கண்டுபிடித்தது. இதுதான் முக்கியம்.

உப்பும் காயமும்

எல்லாப் பொருளுக்கும் ஒரே பதில் கிடையாது என்பதற்கு ரெண்டு உதாரணம்.

உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். 1983ல் டாடா உப்பு வந்து, உப்புக்கும் பெயர் உண்டு என்று ஆக்கியது. உப்பில் முக்கியம் அயோடின். 2006 மே மாதம் முதல் அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க இந்தியா முழுக்கத் தடை. அதாவது மலிவு பாக்கெட்டும் விலை பாக்கெட்டும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. 2014ல் தமிழக அரசின் உப்பு நிறுவனம் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் எடுக்கும் உப்பை "அம்மா உப்பு" என்று மூன்று வகையாக, கிலோ 10, 14, 21 ரூபாய்க்கு விற்றபோது பெரிய பெயர்களை விட விலை குறைவாகவே இருந்தது. உப்பில் பெயருக்குக் கொடுக்கும் காசு கிட்டத்தட்ட முழுக்க விளம்பரத்துக்குத்தான்.

பெருங்காயம் நேர் எதிர். அது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம் விளையும் ஒரு செடியின் பால். இந்தியாவில் அதைப் பயிரிட முதல் நாற்று நட்டதே 2020 அக்டோபரில், இமாச்சலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில். நாம் கடையில் வாங்குவது கூட்டுப் பெருங்காயம். மாவும் கோந்தும் சேர்த்தது. அது கலப்படம் இல்லை, சட்டம் அனுமதிப்பதுதான். ஆனால் காயம் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1894ல் மும்பையில் தொடங்கிய எல்.ஜி. பெருங்காயம் நூறு வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டு அடுப்படியில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த டப்பாவில் நாம் வாங்குவது "போன தடவை மாதிரியே இருக்கும்" என்ற உறுதி. மேலும் மலிவான காயத்தை ரெண்டு மடங்கு போட வேண்டி வந்தால் அது மலிவே இல்லை.

அதிகக் காசு கொடுப்பது யார்?

இனிமேல்தான் எனக்கு முக்கியமான விஷயம். பெயருக்கு அதிகக் காசு கொடுப்பது பணக்காரர் என்று நினைக்கிறோம். இல்லை.

1970களில் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பொருளைச் சின்னப் பொட்டலமாக, சாஷேயாக விற்றால் கூலிக்காரரும் வாங்குவார் என்று யோசித்தார். ஷாம்பு அப்படித்தான் கிராமத்துக்குப் போனது. பின்னாளில் அவர் குடும்பத்து நிறுவனம் அவர் பெயரிலேயே "சின்னீஸ்" ஊறுகாய் விற்றது. மசாலாக் கம்பெனிகளும் அந்த வழியில் வந்தன. இது நல்ல யோசனைதான். கையில் அஞ்சு ரூபாய் இருப்பவருக்கும் கம்பெனிச் சரக்கு கிடைத்தது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிராம் பாக்கெட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ 500 ரூபாய். அதே தூளின் அரைக் கிலோ பாக்கெட் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ 400 ரூபாய். சின்னப் பொட்டலத்தில் கவருக்கும் அச்சுக்கும் கடைக்காரர் கமிஷனுக்கும் போகும் பங்கு அதிகம். எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை வேலைக்குப் போகிற பெண்களுக்கு வாரச் சம்பளம். மொத்தமாக அஞ்சு கிலோ வத்தல் வாங்கிப் போடக் கையில் ஒரே நேரத்தில் பணம் இருக்காது. வத்தலைக் காம்பு கிள்ளிக் காயவைக்க, மில்லுக்குப் போய் வரிசையில் நிற்கப் பகல் நேரமும் இருக்காது. அதனால் சரம் சரமாகத் தொங்கும் சின்னப் பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்து வாங்குகிறார்கள். அந்தப் பாக்கெட்டுக்கு லேபிள் அச்சடிக்கும் பக்கத்திலேயே இருந்துகொண்டு, அந்த லேபிளுக்கு அதிக விலை கொடுப்பவர்கள் இவர்கள்தான். "பிராண்டு மோகம்" என்று இவர்களைக் குறை சொல்வது அநியாயம். அவர்கள் வாங்குவது நேரம்.

2008ல் தமிழக அரசு ரேஷன் கடைகளில் மசாலாச் சாமான்கள் உட்பட 10 மளிகைப் பொருட்களை 50 ரூபாய்க்குக் கொடுத்தது. மளிகை விலை என்பது வீட்டு விஷயம் மட்டுமல்ல, அரசியல் விஷயமும்தான் என்பதற்கு அது சாட்சி.

சரி, எதை வாங்குவது?

இவ்வளவு வரலாற்றில் இருந்து எனக்குக் கிடைத்த விதி ஒன்றே ஒன்று: கண்ணால் சோதிக்க முடிந்த பொருளுக்குப் பெயர் வேண்டாம், சோதிக்க முடியாத பொருளுக்குப் பெயரோ முத்திரையோ வேண்டும்.

1. வத்தல், மல்லி, சீரகம், கடுகு முழுசாக வாங்கினால் பெயருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கடுகு வழவழப்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக இருக்கும்.

2. உப்பு: அயோடின் சேர்த்தது என்று போட்டிருந்தால் மலிவானதே போதும்.

3. தூள்: அக்மார்க் முத்திரையும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் கம்பெனிக்கும் இவை இருக்கலாம். இருந்தால் பெரிய பெயருக்கு ஏங்க வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் தூவினால் சாயம் கோடு கோடாக இறங்குகிறதா என்றும் பார்க்கலாம்.

4. பெருங்காயம்: பழகிய பெயரையே வாங்கலாம். இங்கே அதிகக் காசு வீண் இல்லை.

5. நல்லெண்ணெய்: "தீபத்துக்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் போட்ட பாக்கெட்டைச் சமையலுக்கு வாங்கிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நல்லதா கெட்டதா என்று பார்க்கப் பழைய விருதுநகர் வழி ஒன்று இருக்கிறது: மூலப்பொருளின் விலையைக் கேட்பது. ஒரு கிலோ நல்லெண்ணெய் எடுக்க ரெண்டு கிலோவுக்கு மேல் எள் வேண்டும். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும் எண்ணெய் விலை எள் விலையை ஒட்டி இறங்க முடியாது. வத்தலைக் காம்பு நீக்கிக் காயவைத்தால் எடை குறையும், அதற்கு மேல் அரவைக் கூலி. ஆகவே மிளகாய்த்தூள் அதே ரக வத்தலை விட மலிவாக இருக்கவே முடியாது. இருந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. பெயர் பெரிதா சின்னதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பேட்டையில் வண்டி அவிழ்த்த வியாபாரிக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். வாங்க வந்தவருக்கும் ஓரளவு தெரியும். பொருள் எங்கே விளைகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பதை நாம் மறந்துபோனதால்தான் அந்த இடத்தில் லேபிள் வந்து உட்கார்ந்தது. பெயருக்கு நாம் கொடுக்கும் அதிகப்படி காசு, பெரும்பாலும் விசாரிக்காமல் இருப்பதற்கான கட்டணம். விசாரிக்க நேரம் இல்லாதவர்கள் அதைக் கொடுக்கத்தான் வேண்டும். நேரம் இருக்கிற நாமும் ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.